பஞ்சலிங்கம் சாகேல்லை

இணுவில் கிழக்கு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிரசாந்திக்கு,

முருகன் புண்ணியத்திலை நான் சுகம். கொம்மா விடியத் துவங்கிப் படுக்கும் வரைக்கும் என்னைப் பேசக்கூடிய அளவுக்கு நல்ல சுகம். பஞ்சலிங்கமும் சுகம். நீயும் மருமோனும் உந்த மழையூரிலை தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேணும் எண்டு கந்தசாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன். பக்கத்து ஒழுங்கைப் பஞ்சலிங்கத்தின்ரை சுகத்தை ஏன் தனியாய் எழுதுறன் எண்டு உனக்கு விளங்கும். ஊர் வட்சப்பிலை அவன்ரை படத்துக்குக் கீழை அழுகிற மூஞ்சியளை வரிசையாய் அடுக்கி, ஆத்மா சாந்தி அடையட்டும் எண்டும் எழுதிப் போட்டிருந்தாய். அந்த ஆத்மா இப்ப தன்ரை வீட்டு முத்தத்திலை குந்தியிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தின்னுது, சாறு முழங்கை வரைக்கும் வழியுது. முதல் வேலையாய் அந்த மூஞ்சியளை அழிச்சுவிடு பிள்ளை, அவன் கண்டால் அதுக்கும் என்னைத்தான் பேசுவான்.

ஏன் அப்பா போன் எடுக்காமல் கடதாசியிலை எழுதுறார் எண்டு யோசிப்பாய். கொம்மா என்ரை போனைப் பறிச்சுக் கூறைச்சீலை வைக்கிற அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா. திறப்பு அவவின்ரை இடுப்பிலை. உயிரோடை இருக்கிற மனிசனைச் சாக்காட்டின ஆளுக்கு என்னத்துக்குப் போன் எண்டு கேக்கிறா. நீ எடுக்கிற நேரத்திலை தன்ரை போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போய்த் தன்ரை பக்கத்துக் கதையை மட்டும் சொல்லுறா, நான் வாசலிலை நிண்டு கையைக் காட்டினால் அகப்பையைக் காட்டுறா. அதுதான் பேனையை எடுத்தனான். எழுத்துப் பிழையைப் பாத்துச் சிரிக்காதை, நான் பள்ளிக்கூடத்துக்குள்ளை இருந்த நேரத்தை விட வாசலிலை முழங்காலிலை நிண்ட நேரம் கூட. நீ கொம்மாவோடை கதைச்சு அந்தத் திறப்பை வாங்கித் தர வேணும், கடிதத்தின்ரை விசயம் இதுதான். நீ சொன்னால் கேப்பா. நான் சொன்னால் கேக்கிற பழக்கம் அவவுக்குத் தாலி ஏறின அண்டைக்கே விட்டுப்போச்சு. ஆனால் நீ வக்காலத்து வாங்க முதல் என்ரை பக்கமும் தெரிய வேணும், அதாலை முழுக்க வாசி.

உந்தப் போனை அனுப்பினது நீ, படம் எடுக்கிற பாடம் சொல்லித் தந்ததும் நீ, அப்ப பாதிக் குற்றம் உன்ரை. ரீச்சர் மாதிரிக் குரலிலை சொல்லி அனுப்பினாய், எடுக்க முதல் கமராக் கண்ணைத் துடையுங்கோ, ஆளுக்குக் கிட்டப் போங்கோ, தலைக்குப் பின்னாலை மரம் முளைச்ச மாதிரி வராமல் பாருங்கோ, மத்தியான வெயிலிலை எடுத்தால் கண்ணுக்குக் கீழை குழி விழும் எண்டு. நீ சொன்னது சரியோ எண்டு சோதிக்கக் கொம்மாவை உச்சி வெயிலுக்குள்ளை ஒருக்கா எடுத்துப் பாத்தன். சரிதான். அதைக் கொண்டுபோய் அவவுக்குக் காட்டினதுதான் பிழை. பேந்து நானாயும் சிலது பிடிச்சன். கொடியிலை காயுற வெள்ளை வேட்டியை வெயில் படுற பக்கமாய் விரிச்சுப் பிடிச்சால் வெளிச்சம் திரும்பி வந்து முகத்திலை விழும், கிழடுகூடப் புதுமாப்பிள்ளை மாதிரி வரும். வாய்க்காலிலை இறைப்புத் தண்ணி ஓடேக்கை போனைத் தலைகீழாய்ப் பிடிச்சுக் கமராக் கண்ணைத் தண்ணிக்கு ஒட்டக் கொண்டுபோனால் வாழையெல்லாம் தண்ணிக்குள்ளை தலைகீழாய் நிக்கும். ஒருக்கா போனும் தண்ணிக்குள்ளை நிண்டது, அதைக் கொம்மாவுக்குச் சொல்லாதை. எல்லாத்திலும் பெரிய வித்தை என்னெண்டால் ஆளைப் பகிடி பண்ண வேணும். சிரியுங்கோ எண்டு சொன்னால் ஒருத்தரும் சிரிக்காயினம், பல்லைத்தான் காட்டுவினம். அவையின்ரை ஒரு பழைய கதையை எடுத்துவிட்டு, உந்தக் கதையை ஆர் உனக்குச் சொன்னது எண்டு அவை வாயைத் திறக்கிற நேரம் அமத்திப்போட வேணும்.

அப்பிடித்தான் பஞ்சலிங்கத்தையும் எடுத்தனான். அவன்தான் கேட்டவன், நான் தேடிப் போகேல்லை. கோயிலடியிலை ஒட்டியிருந்த மரண அறிவித்தல் ஒண்டைப் பாத்துப்போட்டு, மச்சான் செத்த மனிசர் எல்லாரும் ஏனடா களவெடுத்து அம்பிட்ட ஆக்கள் மாதிரி நிக்கினம் எண்டு கேட்டான். அடையாள அட்டைப் படத்தைக் குடுத்தால் வேறை என்னெண்டு நிப்பினம் எண்டு நான் சொன்னன். தன்ரை அட்டையை எடுத்துப் பாத்தான், ஆடு களவெடுத்தவன் கெட்டான். பிள்ளையள் வெளிநாட்டிலை, மனிசியும் இல்லை, நான் போனால் அந்தரத்திலை இதைத்தானே தூக்கிக் குடுப்பாங்கள், இப்பவே வடிவாய் ஒண்டு எடுத்துத் தா எண்டு நிண்டான். அடுத்த நாள் விடிய வெயில் சரிஞ்சு விழேக்கை வாழைத் தோட்டத்துக்கு முன்னாலை கதிரையைப் போட்டு இருத்தினன். துவாயை மடிச்சுத் தோளிலை போட்டுக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தான். பொம்பிளை பாக்கப் போன வீட்டிலை நீ பலகாரத் தட்டைத் தட்டிக் கொட்டின கதையைச் சொல்லட்டோ எண்டு கேட்டன். சிரிச்சான் பிள்ளை, அப்பிடியொரு சிரிப்பு, கண் இரண்டும் மூடுபட்டு, இல்லாத பல்லின்ரை இடம் எல்லாம் தெரிய. அதுதான் நீ பாத்து அழுத படம். செத்தவர் இவ்வளவு சந்தோசமாய் இருக்கிறாரே எண்டு உனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையோ?

அதைப் பெருப்பிச்சுச் சட்டம் போட்டுக் குடுப்பம் எண்டு சுன்னாகத்திலை ஒரு அச்சுக்கடைக்குக் கொண்டுபோனன். கொம்பியூட்டரிலை இருந்த அம்மா என்னத்துக்கு ஐயா படம் எண்டு கேட்டா. அறிவித்தலுக்கு எடுத்தது, வடிவாய்ச் செய்து தாங்கோ எண்டு உள்ளதைச் சொன்னன். பேர் கேட்டா, சொன்னன். வயசு கேட்டா, சொன்னன். உங்களுக்கு என்ன முறை எண்டு கேட்டா, சின்ன வயசிலை இருந்து கூட்டாளி எண்டு சொல்லேக்கை அவவின்ரை கண் கலங்கிப்போச்சு. நல்ல மனிசி எண்டு நினைச்சன். ஆள் சாகேல்லை எண்டு சொல்ல வேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை, அவவும் ஏன் அதைக் கேக்கப் போறா. செய்த மாதிரியை அவ என்ரை போனுக்கே அனுப்பினா, பாத்துச் சரியெண்டு சொல்லுங்கோ எண்டு. நான் கண்ணாடி கொண்டுபோகேல்லை. பஞ்சலிங்கத்தின்ரை சிரிப்பு மட்டும் நல்லாய்த் தெரிஞ்சுது, சுத்திவர என்னவோ பூ மாதிரிக் கிடந்தது, மஞ்சளாய் ஒண்டு, அது குத்துவிளக்கு எண்டு பேந்துதான் தெரியும். பஸ்ஸுக்குள்ளை இருந்தபடி ஊர்க் குழுவுக்குத் தட்டிவிட்டன். கீழை நான் எழுதினது உனக்கு ஞாபகம் இருக்கும். இது என்ரை கைவேலை, எல்லாரும் பாத்துச் சொல்லுங்கோ. கண்ணீர் அஞ்சலி எண்டு மேலை, என்ரை கைவேலை எண்டு கீழை. பொலிஸ் வராதது முருகன் செயல்.

நான் பஸ்ஸாலை இறங்கி வர முதல் அவன்ரை வளவு நிரம்பிப்போச்சு. கனகாம்பிகை அக்காவை உனக்குத் தெரியும்தானே, முன்வீட்டு மனிசி, செத்தவீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது எண்டு பெரிய கேத்திலிலை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறா. வாடகைக் கதிரைக்காரர் ஆரும் சொல்லாமலே லான்ட்மாஸ்ரர் உழவு மிசினிலை கதிரை கொண்டுவந்து இறக்குறார். பஞ்சலிங்கம் பின்னாலை பங்குக் கிணத்திலை குளிச்சுக்கொண்டு நிண்டவன், தண்ணி இறைக்கிற மிசின் சத்தத்துக்கை ஒண்டும் கேக்கேல்லை. ஈரத் துவாயோடை, காதுக்குள்ளை சவுக்காரம், முத்தத்துக்கு வந்து சனத்தைக் கண்டுபோட்டு ஆற்றை கலியாணம் எண்டு கேட்டானாம். கனகாம்பிகை அக்கா கேத்திலைக் கைநழுவ விட்ட சத்தம் எனக்குச் சந்தியிலை கேட்டது.

இதுவரைக்கும் பகிடிதான். இனித்தான் கொம்மா ஏன் கோவம் எண்ட விசயம். பஞ்சலிங்கத்தின்ரை தம்பி நாகேசு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனெல்லே. பங்குக் கிணத்திலை வியாழக்கிழமை இறைப்பு ஆருக்கு எண்டு பிடிச்ச சண்டையிலை அண்ணனும் தம்பியும் முகம் பாத்துக் கதைச்சு வருசக்கணக்கு. நாகேசின்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் அண்ணன் போகேல்லை. அந்த நாகேசு படத்தைக் கண்டவுடனை வேலியைப் பிரிச்சுக்கொண்டு, காலிலை செருப்பும் இல்லாமல், பின்வாசலாலை வீட்டுக்குள்ளை ஓடி வந்தவன். அறை இருட்டு. கட்டிலிலை போர்வையோடை சுருட்டி வைச்ச பாயைக் கட்டிப் பிடிச்சு அழத் துவங்கியிட்டான். அண்ணை, வியாழக்கிழமையை நீயே வைச்சிரு அண்ணை, நான் மிசினைக் கழட்டுறன், ஒருக்கா எழும்பு அண்ணை, ஒருக்கா என்னோடை கதை எண்டு. நான் அப்பதான் படலையடியிலை வந்து நிக்கிறன். பஞ்சலிங்கம் அறை வாசலிலை நிக்கிறான், துவாயிலை இருந்து தண்ணி சொட்டுது. நாகேசு நிமிந்து பாத்தான். பேயைக் கண்டவன் மாதிரி ஒரு கணம், பேந்து முகம் கறுத்துப்போச்சு. சாகாமலே நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனியோ எண்டான். அவ்வளவுதான், சனத்துக்குள்ளாலை தலையைக் குனிஞ்சுகொண்டு போய்த் தன்ரை படலையை அடிச்சுச் சாத்தினான். ஊர் சிரிச்சது. பஞ்சலிங்கம் சிரிக்கேல்லை. என்னைப் பாத்து, கதிரவேலு, உன்ரை கமராவோடை இனி இந்த வளவுப் பக்கம் வந்திடாதை எண்டு மெல்லமாய்ச் சொன்னான். அவன் கத்தியிருந்தால் பயமில்லை, மெல்லமாய்ச் சொன்னதுதான் நெஞ்சுக்குள்ளை நிக்குது. வீட்டை வந்தால் கொம்மா கையை நீட்டிக்கொண்டு நிக்கிறா. அழுகிற ஆம்பிளையை ஊருக்கு முன்னாலை நிப்பாட்டிப்போட்டியள், தாங்கோ போனை எண்டா. குடுத்தன்.

அண்டையிலை இருந்து எனக்குக் கண் இரண்டும் அரிக்குது பிள்ளை. போன் இருக்கேக்கை தெரியாத படமெல்லாம் இப்பதான் தெரியுது. பொறுக்கேலாமல் ஒரு பழைய கலியாண அழைப்புக் காட்டின்ரை நடுவிலை கத்தரிக்கோலாலை சதுரமாய் ஓட்டை வெட்டினன். அதுக்குள்ளாலை ஒரு கண்ணை மூடிப் பாக்கிறதுதான் இப்ப என்ரை கமரா. கிட்டப் பிடிச்சால் முழு வளவும் வரும், எட்டப் பிடிச்சால் ஒரு காகம் மட்டும் வரும். வேண்டாததை ஓட்டைக்கு வெளியிலை தள்ளிவிட்டால் மிச்சம் கிடக்கிறது படம், இதைத்தானே நீ இவ்வளவு நாளும் இங்கிலீசிலை சொன்னனி. விடியக் கொம்மா குசினி யன்னலடியிலை நிண்டு தேங்காய் துருவேக்கை அடுப்புப் புகைக்குள்ளாலை வெயில் கோடு கோடாய் விழுந்து அவவின்ரை கையிலை முடிஞ்சுது. ஓட்டைக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டன். கொம்மா கண்டிட்டு, உங்களுக்கு விசர் முத்திப்போச்சு எண்டா. கோயிலடியிலையும் அப்பிடித்தான் கதைக்கினமாம்.

நீ போன மாதம் சொன்னாய், அப்பா இஞ்சை எடுக்க ஒண்டும் இல்லை, எந்த நாளும் மழை, எல்லாம் சாம்பல், கமராவை வித்துப்போடப் போறன் எண்டு. விக்காதை. நீயும் ஒரு மட்டையிலை ஓட்டை வெட்டு. ஒரு நாள் கமராவை வீட்டிலை விட்டிட்டு அதோடை மட்டும் திரி. நீ பஸ் ஓட்டுறனி, உன்ரை முன்கண்ணாடி மாதிரி ஒரு பெரிய ஓட்டை ஆருக்குக் கிடைக்கும்? ஓட்டேக்கை பாக்காதை, தெரியும்தானே. கடைசித் தரிப்பிலை நிப்பாட்டிப்போட்டுச் சனம் எல்லாம் இறங்கின பிறகு கண்ணாடியிலை வழியுற ஒரு மழைத்துளிக்குக் கிட்டப் போய் எடு, பின்னாலை லைற்றுகள் கரைஞ்சு குங்குமம் கொட்டின மாதிரிக் கிடக்கும். ஒரே தரிப்பிடத்தை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலை நிண்டு எடுத்துப் பார். ஆள் மாறும், குடை மாறும், ஒரு நாள் ஒருத்தரும் இருக்காயினம், அதுவும் படம்தான். இறைப்பு நாளிலை வாய்க்காலை நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிப்பனோ, தண்ணி எங்கை திரும்பும் எண்டு, அப்பிடி நிண்டு பாக்க வேணும். சரி, பாடம் இவ்வளவு காணும். கொம்மாவோடை திறப்பைப் பற்றிக் கதை. பஞ்சலிங்கமும் இன்னும் எங்கடை படலைக்கு வரேல்லை, அதுக்கு உன்னாலை ஒண்டும் செய்யேலாது.

வியாழக்கிழமை

கடிதத்தைத் தபாலிலை போட முதல் இன்னும் எழுத வேண்டியதாய்ப் போச்சு. இண்டைக்கு விடிய ஒழுங்கை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சண்டை பிடிச்ச அந்த வியாழக்கிழமை இறைப்பெல்லே, விடியச் சாமத்திலேயே ஆற்றையேன் மிசின் கத்தத் துவங்கிவிடும், முந்தினவன் இறைக்கிறது, பிந்தினவன் பேசுறது. வெயில் ஏறியும் சத்தம் இல்லை. கொம்மாகூட எட்டிப் பாத்தா. நான் மட்டையை எடுத்துக்கொண்டு போனன். வளவுக்குள்ளைதானே வரக்கூடாது எண்டவன், றோட்டிலை நிண்டு பாத்தன். ஓட்டைக்குள்ளாலை நடுவிலை கிணறு, விளிம்பு முட்டத் தண்ணி. இந்தப் பக்கம் பஞ்சலிங்கம், கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பாக்கிறான். அந்தப் பக்கம் நாகேசு, வாழைத் தண்டைப் பாக்கிறான். அண்ணன் தம்பிக்கு விட்டிட்டு நிக்கிறான், தம்பி அண்ணனுக்கு விட்டிட்டு நிக்கிறான், இரண்டு பேருக்கும் வாய் திறக்க வெக்கம். நடுவிலை வெங்காயம் வாடுது. என்ரை ஆயுசிலை நான் கண்ட ஆகத் திறமான படம், கையிலை இருக்கிறது கலியாணக் காட்.

எனக்கு வாய் சும்மா இருக்குமோ? டேய், போன கிழமை ஒருத்தன்தான் செத்தவன், இந்தக் கிழமை இரண்டு பேருமோ, வெங்காயத்துக்கும் ஒரு அறிவித்தல் அடிக்கட்டோ எண்டு றோட்டிலை நிண்டு கத்தினன். பஞ்சலிங்கம் என்னைப் பாத்தான். தோள் குலுங்கிச்சுது. சிரிக்கிறானோ எண்டு நான் மட்டையைத் தூக்கிப் பிடிக்க, அவன் நாகேசைப் பாத்து, அடேய், உவனுக்குக் கல்லெடுத்து எறியட்டோ நான் எண்டு கேட்டான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு தம்பியோடை கதைச்ச முதல் வசனம் அது. நாகேசு, சின்னக் கல்லாய் எடு அண்ணை எண்டான். பேந்து நாகேசு போய் மிசினை இயக்கினான், மண்வெட்டியாலை வாய்க்காலை வெட்டி முதல் தண்ணியை அண்ணன்ரை வெங்காயத்துக்குத் திருப்பிவிட்டான். நான் கல்லுக்குப் பயந்து வீட்டை ஓடி வந்திட்டன்.

பின்னேரம் இரண்டு பேரும் எங்கடை படலைக்கு வந்தினம், வேட்டி கட்டி, திருநீறு பூசி. பஞ்சலிங்கம் என்னோடை கதைக்கேல்லை, நேரே கொம்மாவிட்டைப் போய், மீனாம்பிகை, எங்கள் இரண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுக்க வேணும், அந்தக் கள்ளனின்ரை போனைக் குடும் எண்டான். கொம்மா இடுப்பிலை இருந்து திறப்பை எடுத்தா. உன்ரை உதவி தேவைப்படேல்லை பிள்ளை, ஆனாலும் கதைக்கிறதைக் கதை, பிறகும் பூட்டுவா. தோட்டத்திலை நிப்பாட்டினன். இரண்டு பேருக்கும் நடுவிலை ஒரு மாடு போகலாம். கிட்டப் போங்கோ எண்டால் ஒரு அடி வைக்கினம், பிறகு அரை அடி பின்னாலை எடுக்கினம். கொம்மாதான் வேட்டியை விரிச்சு வெளிச்சம் பிடிச்சவ, நான் சொல்லிக் குடுக்கேல்லை, எப்ப பாத்துப் பழகினாவோ தெரியாது. நாகேசு, அண்டைக்குப் பாயைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இண்டைக்கு ஆளைப் பிடியும் எண்டு கொம்மா சொன்னா. நான் இல்லை, கொம்மா சொன்னவ! நாகேசுக்குக் காது வரைக்கும் சிவந்துபோச்சு, பஞ்சலிங்கம் பொக்கை வாயைத் திறந்தான், தம்பியின்ரை கழுத்திலை கையைப் போட்டு இழுத்தான். அமத்தினன்.

சனிக்கிழமை

அந்தப் படத்தைத்தான் இதோடை வைச்சிருக்கிறன். அதே கடையிலைதான் அடிச்சது. அந்த அம்மா என்னைக் கண்டவுடனை எழும்பி நிண்டு, இந்தமுறை ஆர் ஐயா எண்டு பயந்து பயந்து கேட்டா. ஒருத்தரும் இல்லை அம்மா, இரண்டும் உயிரோடை எண்டு கடை முழுக்கக் கேக்கச் சொன்னன். வீட்டை கொண்டுவரக் கொம்மா கண்ணாடியைப் போட்டு நாலு மூலையும் பாத்துப்போட்டுப் பின்பக்கத்திலை தன்ரை வடிவான எழுத்திலை எழுதித் தந்தா. பிரட்டிப் பார். பஞ்சலிங்கம், நாகேசு, இருவரும் சுகம். இனி நான் ஆருக்குப் படம் அனுப்பினாலும் அப்பிடி எழுதித்தான் அனுப்ப வேணுமாம், அதுதான் போனுக்குப் போட்ட நிபந்தனை.

இன்னொண்டு. வாற வெள்ளிக்கிழமை முழுகிப்போட்டு, நீ அனுப்பின நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு குசினி யன்னலடியிலை நிக்கிறாவாம், அந்தப் புகை வெளிச்சத்திலை எடுக்கட்டாம். விசர் எண்டு பேசின மனிசி அண்டைக்கு எல்லாத்தையும் கவனிச்சுக்கொண்டுதான் நிண்டிருக்கிறா. அறிவித்தலுக்கோ எண்டு கேட்டன். தேங்காய்ச் சிரட்டை வந்தது, குனிஞ்சிட்டன். பிள்ளைக்கு அனுப்ப எண்டா.

நீயும் மருமோனும் எல்லாம் வல்ல கந்தனின்ரை அருளாலை நோய் நொடி இல்லாமல், பஸ்ஸும் கமராவும் ஒண்டையொண்டு முட்டாமல், சிரிச்சுக்கொண்டு இருக்க வேணும். குளிருக்குக் காதை மூடு. மழைத்துளிப் படம் வர வேணும். வட்சப்பிலை உன்ரை அழுகிற மூஞ்சியள் இன்னும் கிடக்குது, அழி.

இப்படிக்கு,
உன்ரை அப்பா
க. கதிரவேலு
(சுகம். கொம்மா பாத்துச் சரியெண்டு சொல்லியிட்டா.)